மாலைதீவில் எட்டு மாதச் சம்பளம், ஊரில் பன்னிரண்டு மாதத் தவணை

கேள்வி: நான் மன்னாரைச் சேர்ந்தவன், வயது 27. மாலைதீவில் ஒரு கழகத்துக்கு முன்கள வீரராக உதைபந்தாட்டம் விளையாடுகிறேன். இது மூன்றாவது ஒப்பந்தம். மாதம் 1,000 டொலர், எட்டு மாதம். தங்குமிடமும் சாப்பாடும் கழகம் தருகிறது. சம்பளத்தை அந்நாட்டு நாணயமான ரூபியாவில் தருகிறார்கள். வெளியில் 19 ரூபியா கொடுத்து டொலர் வாங்கி அனுப்புகிறேன். அம்மா அப்பாவுக்கு மாதம் 50,000 ரூபாய். அத்தான் ஹயர் ஓடுவதற்கு என் பெயரில் லீசிங்கில் ஒரு வான் எடுத்தோம். முதல் காசு 15 இலட்சம் நான் போட்டது, தவணை 95,000. அவர் மூன்று மாதம் கட்டினார், அதற்குப் பிறகு நான்தான் கட்டுகிறேன். இன்னும் 40 தவணை இருக்கிறது. போன முறை விளையாடிய கழகம் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை இன்னும் தரவில்லை. அந்த நெருக்கடியில் அக்கா தன் நகையைத் தந்தார், 10 இலட்சத்துக்கு அடகு வைத்தேன், மாதம் 15,000 வட்டி போகிறது. வங்கியில் தனிநபர் கடன் எடுத்து நகையை மீட்கலாமா? கூட விளையாடும் ஒருவர், நாளுக்கு 1 சதவீதம் தரும் செயலி ஒன்றில் போட்டால் சீக்கிரம் மீளலாம் என்கிறார். இரவில் நித்திரை இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, சேமிக்க வேண்டும், வரவு செலவு எழுத வேண்டும் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு மாதம் தவறாமல் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள், கணக்கும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினை செலவாளித்தனம் இல்லை. எட்டு மாதம் மட்டுமே வரும் சம்பளத்தை நம்பி, பன்னிரண்டு மாதமும் ஓடும் தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அதுவும் இன்னொருவருடைய தொழிலுக்காக.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். 1,000 டொலர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்குக் கிடைப்பது அது இல்லை. மாலைதீவின் உத்தியோகபூர்வ விலையில் ஒரு டொலர் 15.42 ரூபியா. அந்தக் கணக்கில் கழகம் 15,420 ரூபியா தருகிறது. அங்கே டொலர் தட்டுப்பாடு இருப்பதால் நீங்கள் 19 ரூபியா கொடுத்து வாங்குகிறீர்கள். அப்படிப் பார்த்தால் கையில் மிஞ்சுவது 810 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால், ஊருக்கு வருமுன்பே மாதம் 57,000 ரூபாய் கரைந்துவிடுகிறது.

810 டொலர் என்பது சுமார் 2 இலட்சத்து 43 ஆயிரம். எட்டு மாதத்துக்கு 19.4 இலட்சம். மாலேயில் உங்கள் கைச்செலவுக்கு மாதம் 40,000 என்று கழித்தால் 16.2 இலட்சம் மிஞ்சும். இனி வருடச் செலவு: பெற்றோருக்கு 6 இலட்சம், லீசிங் 11.4 இலட்சம், அடகு வட்டி 1.8 இலட்சம், மொத்தம் 19.2 இலட்சம். எல்லாக் கழகமும் எல்லா மாதமும் சரியாகச் சம்பளம் தந்தாலும் வருடத்துக்கு 3 இலட்சம் துண்டு விழும். காயம் ஏதும் வராது என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு.

நகை ஏன் அடகுக்குப் போனது என்பதையும் இதிலேயே பார்க்கலாம். வராத இரண்டு மாதச் சம்பளம் ஐந்து ஆறு இலட்சம். விளையாட்டு இல்லாத நான்கு மாதத்துக்கு லீசிங்கும் வீட்டுக் காசும் சேர்த்து 5.8 இலட்சம். கூட்டினால் ஏறத்தாழ நீங்கள் அடகு வைத்த தொகை வந்துவிடும். அக்காவின் நகை அத்தானின் வானுக்குத்தான் போயிருக்கிறது. தனிநபர் கடன் எடுத்து நகையை மீட்டால், 15,000 வட்டி போகும் இடத்தில் மூன்று வருடத்துக்கு 35,000 அளவில் தவணை வந்து உட்காரும். வான் அப்படியே நிற்கும். அடுத்த வருடம் அதே நகை திரும்பவும் அடகுக் கடைக்குப் போகும். வேண்டாம்.

அத்தானைப் பற்றி நான் தப்பாகச் சொல்லவில்லை. ஹயர் இல்லாத மாதத்தில் அவரும் என்ன செய்வார். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். லீசிங் நிறுவனம் ஏன் அவருடைய கையெழுத்தை வாங்காமல் உங்களுடையதை வாங்கியது? அந்த வருமானத்தை நம்பி 95,000 தவணை கொடுக்க முடியாது என்று, கடன் கொடுப்பதே தொழிலாக இருப்பவர்கள் அன்றைக்கே கணித்துவிட்டார்கள். இப்போது தவணை தவறினால், யார் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று வங்கிகள் பார்க்கும் கிறிப் அறிக்கையில் உங்கள் பெயர்தான் கெடும். நாளைக்கு ஒரு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அங்கே வந்து நிற்கப்போவதும் அந்தக் கெட்ட பெயர்தான்.

பெரிய சம்பளக்காரர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். டோகோவின் இமானுவேல் அடெபயோர் ஆர்சனல், மன்செஸ்டர் சிட்டி, ரியல் மட்ரிட் என்று விளையாடிய முன்கள வீரர். 2015 மே மாதம் முகநூலில் குடும்பத்தைப் பற்றி நீளமாக எழுதினார். கானாவில் தான் வாங்கிய வீட்டில் சகோதரியைத் தங்கவிட்டதாகவும், பிறகு போய்ப் பார்த்தபோது அதை வாடகைக்கு விட்டிருந்ததாகவும் அதில் சொல்லியிருந்தார். அது அவர் பக்கத்துக் கதை, யார் சரி என்று நமக்குத் தெரியாது. என்றாலும் அத்தனை பணம் இருந்தவருக்கே அவ்வளவு மனக்கசப்பு வந்திருக்கிறது. உங்கள் 810 டொலரில் அந்தச் சண்டைக்கெல்லாம் இடமே இல்லை.

ஆகவே வானை விற்றுவிடுங்கள். லீசிங் நிறுவனத்திடம் இன்றைய தேதியில் முழுவதும் தீர்க்க எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். 40 தவணையைப் பெருக்கினால் 38 இலட்சம், ஆனால் முன்கூட்டியே முடித்தால் எதிர்கால வட்டி குறையும். 18 சதவீத வட்டி என்று வைத்து நான் போட்ட உத்தேசக் கணக்கில் 28, 29 இலட்சம் வருகிறது. வான் 42 இலட்சத்துக்குப் போனால் 13 மிஞ்சும். அதில் நகையை மீட்டு அக்காவின் கையில் கொடுத்துவிடுங்கள், மீதி 3 இலட்சம் உங்களுக்கு. உங்கள் வானுக்கு என்ன விலை என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். தாமதிக்காதீர்கள்: 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கிவிட்டது, பழைய வாகனத்துக்கு அன்றிருந்த விலை இனியும் நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அத்தான் வானை விடமாட்டேன் என்றால் லீசிங்கைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும், உங்கள் 15 இலட்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நிறுவனம் அவருக்குத் தர மறுத்தால் விற்பதுதான் வழி. இதைத் தொலைபேசியில் பேசாதீர்கள். ஊருக்கு வரும்போது அக்காவையும் வைத்துக்கொண்டு, "அத்தான், எனக்கு எட்டு மாதம்தான் சம்பளம், இதுதான் கணக்கு" என்று தாளைக் காட்டிப் பேசுங்கள். நகை திரும்பும் என்று தெரிந்தால் அக்கா உங்கள் பக்கம் நிற்பார் என்று நினைக்கிறேன். பிறகு அத்தானுக்கு உதவ மனமிருந்தால் கையிலிருப்பதில் ஒரு தொகையைக் கொடுங்கள், திரும்பி வராது என்று நினைத்துக் கொடுங்கள். கையெழுத்து மட்டும் இனி யாருக்கும் வேண்டாம்.

அடுத்தது, அந்த இரண்டு மாதச் சம்பளம். அதை நீங்கள் மறந்துவிட்ட மாதிரி எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை. 2,000 டொலர், இன்றைய கணக்கில் 6 இலட்சம். இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. உலக வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமானதாக 41 சதவீத வீரர்கள் சொல்லியிருந்தார்கள். இதற்குப் பீஃபாவில் வழி இருக்கிறது. காரணமில்லாமல் 30 நாளுக்கு மேல் பாக்கி வைத்த கழகத்துக்கு, 10 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்க வேண்டும். தராவிட்டால் பீஃபா உதைபந்தாட்டத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வீரர் ஒரு தரப்பாக இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. தீர்ப்புக்குப் பிறகும் கட்டாத கழகம் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாமல் தடை வரும், அதனால் பல கழகங்கள் கடைசியில் கட்டிவிடுகின்றன. காலக்கெடு இரண்டு வருடம். ஒப்பந்தப் பிரதி, வங்கிக் கூற்று, கழகத்தோடு பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் இப்போதே ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். தற்போதைய கழகமும் இரண்டு மாதம் பாக்கி வைத்தால், 15 நாள் எழுத்து அறிவித்தல் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை உங்களுக்கு உண்டு.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. நாளுக்கு 1 சதவீதம் வட்டிக்கு வட்டியாக ஏறினால் ஒரு வருடத்தில் ஒரு இலட்சம் கிட்டத்தட்ட 38 இலட்சம் ஆகும். அப்படித் தரக்கூடிய தொழில் எதுவும் கிடையாது. பின்னால் சேருகிறவரின் காசை முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டம் 83சீ பிரிவு தடை செய்கிறது. மத்திய வங்கி அவற்றின் பெயர்களை வெளியிட்டும் எச்சரித்திருக்கிறது. அந்த நண்பருக்கு இதுவரை காசு வந்திருக்கலாம். அதைக் காட்டித்தான் உங்களையும் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

வானும் அடகும் போனால் வருடத்துக்கு 10 இலட்சம் மிஞ்சும். அதில் முதலில் ஆறு மாத வீட்டுச் செலவை ஊரில் ஒரு தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வையுங்கள். 2022இல் 200 ரூபாயில் இருந்த டொலர் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். கொஞ்சக் காசை ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் சான்றிதழுக்கு ஒதுக்குங்கள். வேகத்தை நம்பி விளையாடுகிறவருக்கு 27 வயதிலேயே அதைத் தொடங்குவது நல்லது.

அடுத்த ஒப்பந்தம் வரும்போது சம்பளத்தை உயர்த்திக் கேட்பதற்கு முன் இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். சம்பளம் டொலராகவே கணக்குக்கு வர வேண்டும், அல்லது ரூபியாவில் தருவதானால் சந்தை விலைக்கு ஈடாகத் தர வேண்டும். முழங்கால் போனால் சத்திரசிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னால் கையெழுத்திடாதீர்கள்.