வில்லா எடுக்கும் முன் அடுப்படி விஷயத்தைப் பேசி முடியுங்கள்

கேள்வி: நண்பர்கள் மூன்று குடும்பமாகக் கொடைக்கானல் போகிறோம். ஹோட்டலில் ரூம் போடலாமா, கிராமத்துப் பக்கம் ஒரு வில்லாவை மொத்தமாக வாடகைக்கு எடுக்கலாமா? வில்லாவில் கிச்சன் இருப்பதால் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

வில்லாவே எடுங்கள். ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கிச்சனில் நிற்கப்போவது நீங்கள் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நாங்கள் மதுரையில் ஒரே ஹாஸ்டலில் இருந்த தோழிகள். கல்யாணமாகி ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டோம். பிள்ளைகளும் பழகட்டும் என்று குடும்பத்தோடு சேர்ந்து தங்க, பூம்பாறை தாண்டி மன்னவனூர் போகிற ரோட்டில் ஒரு வில்லா எடுத்தோம். வீட்டைக் குறையே சொல்ல முடியாது. சிட்அவுட்டில் உட்கார்ந்தால் எதிரே படிப்படியாகப் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட தோட்டங்கள். மேகம் வந்து மூடும், அப்புறம் விலகும்.

அடுப்படி பின்பக்கம். அங்கிருந்து தெரிவது தண்ணீர் டேங்க் மட்டும்தான். இரண்டு பர்னர் அடுப்பு. குக்கர் இருந்தது, கேஸ்கட் கிழிந்திருந்தது. மலைமேல் சமைத்தவர்களுக்கு இது என்ன பாடு என்று தெரியும். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு வேகாது. வீட்டில் ஆட்டி எடுத்துப்போன மாவு, போர்வை சுற்றி வைத்தும் அந்தக் குளிருக்குப் பொங்கவில்லை. காலையில் இட்லி தட்டையாக வந்தது. "இட்லிக்கு என்ன ஆச்சு?" என்று சிட்அவுட்டிலிருந்து ஒரு குரல்.

கூடவே டீ. "தங்கச்சி, இன்னொரு ரவுண்டு கிடைக்குமா?" என்று தோழியின் வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் கேட்பார். ஒவ்வொரு ரவுண்டுக்கும் தம்ளர்களைக் கழுவ வேண்டும். கீஸர் பாத்ரூமில் மட்டும்தான். அடுப்படிக் குழாயில் வருவது ஐஸ் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் தோழி, சம்பளப் பிடித்தத்தோடு லீவு போட்டு வந்தவள், விரல் மரத்துப்போய் கைகளை அடுப்புக்கு மேலே காட்டிக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் மன்னவனூர் ஏரிக்குப் பரிசலில் போகக் கிளம்பினார்கள். ராத்திரிக்குக் கறி ஊறவைக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் தங்கிவிட்டோம். அவள் வீட்டில் தினமும் விடியுமுன் எழுந்து செய்கிற அதே வேலை. காசு கொடுத்து, மலையேறிப் போய், அதையே செய்தாள். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

"எல்லா ஆண்களும் அப்படி இல்லை" என்று சொல்ல யாராவது வருவீர்கள். எங்களோடு வந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் தானாகவே வந்து பாத்திரம் கழுவினார். கிச்சன் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் யார் போய் நிற்பது என்று நம் வீடுகளில் யாரும் பேசுவதே இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த தடவை அதே கூட்டம், அதே ரோடு, வேறு வீடு. வாட்ஸப்பில் முதல் மெசேஜைப் போட்டதே நான்தான்: நம்மில் யாரும் அடுப்புப் பற்றவைக்கப் போவதில்லை, சம்மதம் என்றால் அட்வான்ஸ் அனுப்புங்கள். எல்லாரும் அனுப்பினார்கள். கேர்டேக்கர் குடும்பம் அங்கேயே இருக்கிற வீடாகப் பார்த்தோம். அந்த அக்காவிடம் போனிலேயே தலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டோம். ரேட் அவர் சொன்னது. வில்லா ஓனர் வழியாகப் போகாமல் அந்த அக்கா கையிலேயே கொடுத்தோம். "அப்போ இன்னொரு பெண்ணைச் சமைக்க வைப்பது மட்டும் சரியா?" என்று கேட்பீர்கள். அவருக்கு அது கூலி வருகிற வேலை. என் தோழிக்கு வரவில்லை.

சாப்பாடும் எங்கள் சமையலைவிட நன்றாக இருந்தது. பட்டர் பீன்ஸ் போட்ட குழம்பு, மலைப்பூண்டு ரசம். டீச்சர் தோழி பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனாள், மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் போனாள், மத்தியானம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.

பூண்டு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. ஆனாலும் டூரிஸ்ட் கூட்டம் நிற்கிற இடங்களில் ஏதோ ஊர்ப் பூண்டைக் குவித்துவைத்து 'மலைப்பூண்டு' என்று எழுதி விற்கிறார்கள். எனக்கே அப்படி ஒரு கடையில் தலையில் கட்டினார்கள். உரித்தால் வாசனையே இல்லை. அசல் பூண்டு கையில் தேய்த்தாலே காரம் மூக்கில் ஏறும், அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. படிக்கட்டு நிலத்தில் குனிந்து பாடுபட்டு விளைவித்தவருக்குக் கிடைக்க வேண்டிய விலையை யாரோ தின்கிறார்கள். எவ்வளவு பேர் கேட்டும் இதைக் கண்டுகொள்ள ஆளில்லை. வாங்குவதானால் பூம்பாறையில் தோட்டக்காரர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அட்வான்ஸ் அனுப்பும் முன் தங்குமிடமாக நடத்த அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 2019-ல் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலில் விதிமீறிய கட்டிடங்கள் பலவற்றுக்குச் சீல் வைத்தார்கள். கேள்வி கேட்டால் கோபப்படுகிற ஓனர் வீடு வேண்டாம். சொல்லும் வாடகையில் ஜிஎஸ்டி, கூடுதல் பெட், கேம்ப் ஃபயர் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். கோடையில் தண்ணீர் லாரி வரவழைத்தால் அந்தக் காசு யார் தலையில் என்றும் கேட்டுவிடுங்கள்.

2024 மே 7 முதல் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும், மலையேறுமுன் எடுத்துவிடுங்கள். அரசு பஸ்ஸுக்குத் தேவையில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். இருட்டியபின் பிள்ளைகளைத் தனியாக வெளியே விடாதீர்கள், காட்டுமாடு வாசல் வரை வரும்.

சமைத்துக் கொடுக்கிறவரிடம் மறுநாள் சாப்பாட்டை முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும். கறியும் பாலும் அவர் எங்கிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும். கிளம்பும்போது பில்லில் சேர்க்கலாம் என்று விடாமல், பாதிப் பணத்தைப் போனதும் கையில் கொடுத்துவிடுங்கள்.