ராமேஸ்வரம், தனுஷ்கோடி தவிர ராமநாதபுரம் கடற்கரையில் ஒரே நாளில் போய்வர என்ன இருக்கிறது?

வயதான அம்மா, இரண்டு பிள்ளைகள், சொந்தக் கார், ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும் ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். ராமநாதபுரத்துக்காரன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை ரூமை ராமேஸ்வரத்தில் போடாதீர்கள், ராமநாதபுரத்தில் போடுங்கள். தீவுக்குள் தங்கினால் தினமும் பாம்பன் பாலத்தைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வந்த பிறகுதான் மற்ற ஊர்களே ஆரம்பிக்கும். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், திருப்புல்லாணி, கீழக்கரை எல்லாம் கூப்பிடு தூரம்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இங்கே அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்ய வேண்டும். எங்களுக்குக் கடல் இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீன்பிடிக்கிறவர்கள் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வைகாசி பிறந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்க ஆரம்பித்தால் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் அப்படியே தலைகீழ். தை முதல் பங்குனி வரை பெரும்பாலும் இரண்டுமே சாதுதான். அந்த மாதங்களில் தனுஷ்கோடிப் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் வேறு வந்து நிற்கும். கூட்டத்தோடு கூட்டமாக மே மாதம் வராமல் அப்போது வர முடிந்தால் வாருங்கள்.

கச்சான் காலமென்றால் வடக்கே போங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள்தான் நவபாஷாணம். சேது அணை கட்டும் முன் ராமர் நட்டு வழிபட்டது என்பது ஐதீகம். நடைமேடை இருப்பதால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. நவதானியம் வாங்கச் சொல்லி வழியெல்லாம் கேட்பார்கள், விருப்பமிருந்தால் வாங்கலாம். தண்ணீர் தெளிவாக இருக்குமென்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அங்கிருந்து தொண்டிச் சாலையில் வடக்கே போனால் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் படகு உண்டு, உள்ளூர்க்காரர்களே ஓட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். சேற்றிலிருந்து ஆணி அடித்து வைத்தது போல நட்டுக்கொண்டு நிற்பவை அந்த மரங்களின் மூச்சு வேர்கள். அதற்குள் நண்டு ஓடுவதைக் காட்டுங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். குளிக்க, மணலில் விளையாட என்றால் உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரை போதும்.

வாடைக் காலமென்றால் தெற்குச் சாலை. மழை நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலேயே திருப்புல்லாணி. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் சன்னதி உள்ள திவ்யதேசம். இந்தக் கோயில் பாயசம் பிள்ளை வரம் வேண்டுகிறவர்களிடையே பிரசித்தம். அருகிலேயே சேதுக்கரை. அமாவாசையன்று போனால் தர்ப்பணக் கூட்டத்தில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது, மற்ற நாட்களில் ஆஞ்சநேயர் கோயிலும் கடலும் மட்டும்தான்.

அடுத்தது கீழக்கரை. என்னைக் கேட்டால் இந்தக் கடற்கரையிலேயே அதிகம் பேர் பார்க்காமல் தாண்டிப் போகிற ஊர் இது. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்கிறோமே, அந்த வள்ளலின் ஊர். இங்குள்ள பழைய ஜும்மா பள்ளிவாசல்களைக் கல்லிலேயே கட்டியிருக்கிறார்கள். தூண், தூணின் தலையில் இருக்கும் போதிகை, தாமரை, கொடி எல்லாம் நம் கோயில் மண்டபத்தில் பார்த்த அதே வேலைப்பாடு, உருவச் சிற்பம் மட்டும் இருக்காது. தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போய், வாசலில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் அவர்களே சொல்வார்கள். திரும்பும்போது தொதல் வாங்காமல் வராதீர்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் மணிக்கணக்கில் கை விடாமல் கிண்டி, தேங்காயெண்ணெய் பிரிந்து வரும்போது இறக்குவார்கள். கறுப்பாகப் பளபளவென்று, அல்வாவை விட அழுத்தமாக இருக்கும். ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட முடியாது.

நேரமிருந்தால் ஏர்வாடி தர்காவும் அதே வழியில்தான். உத்திரகோசமங்கைக்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று சொல்லும் அளவுக்குப் பழமை. மரகத நடராஜரை ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும், மார்கழி ஆருத்ரா தரிசனத்தை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள். அந்தச் சமயத்தில் அம்மாவைக் கூட்டத்துக்குள் அழைத்துப்போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மதிய வெயிலுக்கு ராமநாதபுரம் ஊருக்குள்ளேயே ராமலிங்க விலாசம் இருக்கிறது. கிழவன் சேதுபதி கட்டிய அரண்மனை, இப்போது தொல்லியல் துறையிடம். கிழவன் சேதுபதியும் சீதக்காதியும் ஒரே காலத்து நண்பர்கள், அதனால் கீழக்கரை பார்த்த கையோடு வந்தால் இரண்டும் சேர்ந்து விளங்கும். சுவர் முழுக்க ஓவியம்: தஞ்சை மராட்டியரோடு சண்டை, ஐரோப்பியரோடு சந்திப்பு, கண்ணன் கதை. கழுத்தை நிமிர்த்தி மேல்வளைவையும் பாருங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாம்பனை விட மனமில்லையென்றால், சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திச் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் சேராமல் குந்துகால் போங்கள். 1897 ஜனவரியில் விவேகானந்தர் வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்து இறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகும் அங்கிருந்துதான், காற்று பலமென்றால் எடுக்க மாட்டார்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தைப் போகிற வழியில் காரிலிருந்தே பார்த்துவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலையும் கூடுதல். ஹோட்டலில் உட்காருமுன் இன்று வந்த மீன் எது என்று கேளுங்கள். குழம்புக்கு எங்கள் குண்டு மிளகாய் போடுவதால் பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள்.