ரிப்போர்ட்டில் பால்மிடிக் இருந்தால் பாமாயில் கலப்படமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கிறேன். கருப்பட்டி போட்டுத்தான் எள் ஆட்டுவோம். சென்னையில் மொத்தமாக வாங்கும் ஒருவர் கேட்டதால் ஆய்வுக்கூடத்தில் ஜிசி-எம்எஸ் சோதனை எடுத்து அனுப்பினேன். பால்மிடிக் அமிலம் 9.4, ஸ்டியரிக் 5.6, ஒலியிக் 40.8, லினோலியிக் 43.1 சதவீதம் என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "9 சதவீதம் பாமாயில் கலந்திருக்கிறீர்கள்" என்கிறார். கருப்பட்டியால் இப்படி வருமா? இன்னும் பெரிய சோதனை எடுக்க வேண்டுமா?

பதில்: அந்த நான்கு எண்களும் நல்லெண்ணெய்க்கு உரியவைதான். சமையல் எண்ணெய் எதை எடுத்தாலும் பால்மிடிக் கொஞ்சமாவது இருக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலைப்படி நல்லெண்ணெயில் அது 7.9 முதல் 12 சதவீதம் வரை வரலாம். பாமாயிலில்தான் 40-ஐ ஒட்டி நிற்கும். உங்களிடம் வாங்குபவர் கொழுப்பு அமிலத்தின் அளவை எண்ணெயின் அளவாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கருப்பட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சர்க்கரை எண்ணெயில் கரையாது. எள் மாவைத் திரட்டி எண்ணெயைப் பிரித்துவிட்டு புண்ணாக்கோடு போய்விடும்.

சோதனையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவரிடம் பேசச் சுலபமாக இருக்கும். எண்ணெயில் பெரும்பகுதி டிரைகிளிசரைடு: ஒரு கிளிசரால், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். அதை அப்படியே ஆவியாக்குவது கடினம். அதனால் மெத்தனாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்த்துக் குலுக்கி, அமிலங்களைக் கழற்றி மெத்தில் எஸ்டராக மாற்றுவார்கள். அது ஒரு நீண்ட மெல்லிய குழாய்க்குள் ஆவியாகப் போகும்; ஜிசி என்பது இதுதான். பொதுவாகச் சிறிய அமிலம் முதலில் வெளியே வரும், பெரியது பின்னால் வரும். வந்ததை எம்எஸ் எனப்படும் நிறைமானி எலக்ட்ரானால் அடித்து உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்த்து ஆள் யார் என்று சொல்லும். மெத்தில் பால்மிடேட் என்றால் முழு மூலக்கூறின் நிறை 270, ஒலியேட்டுக்கு 296, லினோலியேட்டுக்கு 294.

அப்புறம் ஒரு செலவு விஷயம். 'எது எவ்வளவு' என்று அளக்க நிறைமானியே வேண்டும் என்பதில்லை. அதே குழாயின் முனையில் ஹைட்ரஜன் சுடரில் எரித்து அளக்கும் எஃப்ஐடி போதும். காலங்காலமாக அதில்தான் அளக்கிறார்கள். அடையாளம் தெரியாத ஏதாவது தலைகாட்டினால்தான் நிறைமானிக்கு உண்மையான வேலை. அடுத்த முறை ஜிசி-எஃப்ஐடி என்றே கேளுங்கள்.

இனி, இந்த ரிப்போர்ட் எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும்? உங்கள் எண்ணெயில் ஒருவர் 20 சதவீதம் பாமோலின் (பாமாயிலின் திரவப் பகுதி) ஊற்றினால் பால்மிடிக் 15 சதவீதத்தைத் தாண்டிவிடும், உடனே மாட்டிக்கொள்வார். 5 சதவீதம் ஊற்றினால் 11-க்குப் பக்கத்தில் நிற்கும். எல்லைக்குள்தான் இருக்கிறது, எண்ணைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. ஆகவே 'வரம்புக்குள் இருக்கிறது' என்பதை 'கலப்படமே இல்லை' என்று லேபிளில் போடாதீர்கள். தவிட்டு எண்ணெய் இதைவிடத் தந்திரமானது. அதன் அமிலங்கள் நல்லெண்ணெய்க்கு நெருக்கம். அதற்கு, தவிட்டு எண்ணெய்க்கே உரிய ஒரைசனால் என்ற பொருள் இருக்கிறதா என்று தனியாகத் தேட வேண்டும். தேங்காயெண்ணெயும் ஆட்டுகிறீர்கள் என்றால், அங்கே ஆள்மாறாட்டம் செய்வது பனங்கொட்டை எண்ணெய் என்கிற பாம்கெர்னல். இரண்டிலும் லாரிக் அமிலம் பாதிக்குப் பாதி இருக்கும். ஒலியிக்கைப் பாருங்கள்: தேங்காயில் 5 முதல் 10, பாம்கெர்னலில் 12 முதல் 19.

சிலர் பௌடோயின் சோதனை போதும் என்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்தால் நல்லெண்ணெய் இளஞ்சிவப்பாகும். நெய்யில் வனஸ்பதி கலந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்றே வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்லி இந்தியாவில் விதி வைத்திருந்தார்கள். அழகான யோசனை. ஆனால் உங்களுக்கு உதவாது: எள் இருக்கிறது என்று அது சொல்லும், வேறு எதுவும் இல்லை என்று சொல்லாது.

காறல் வாடை, பழைய எண்ணெய் என்ற புகார்களுக்கும் இந்த ரிப்போர்ட் பதில் தராது. அதற்கு பெராக்சைடு எண்ணும் அமில எண்ணும் எடுங்கள், இரண்டும் மலிவு. நிறைமானிக்குக் காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால், அதைக் கடலை எண்ணெய்க்கு வையுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு பெரும்பாலும் புண்ணாக்கில் தங்கினாலும், செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதால் கொஞ்சம் எண்ணெயோடும் வரும். ஆவிக்குப் பதில் திரவத்தில் பிரித்து நிறைமானிக்கு அனுப்பும் எல்சி-எம்எஸ் கருவி அதை மிக நுணுக்கமாகப் பிடிக்கும்.

வாங்குபவருக்கு அதே ரிப்போர்ட்டைத் திரும்ப அனுப்புங்கள். ஒவ்வொரு அமிலத்துக்கும் எதிரே நல்லெண்ணெய்யின் வரம்பையும் பாமோலினின் வரம்பையும் ஆய்வுக்கூடத்திடமே எழுதி வாங்கிச் சேருங்கள். இனிமேல் ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் கொஞ்சம் எண்ணெயை அடர்நிறப் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மூடி, முத்திரையிட்டு, தேதி போட்டு இருட்டில் வையுங்கள். அதே எள்ளிலும் ஒரு பிடி எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் அவர் கையில் இருக்கும் எண்ணெயையும் உங்கள் பாட்டிலையும் ஒரே கருவியில் அடுத்தடுத்து ஓட்டச் சொல்லலாம்.