சின்ன மேசை, 10 கிலோ ஆல்-இன்-ஒன் கணினி: மானிட்டர் ஆர்மில் மாட்டலாமா?

கேள்வி இதுதான்: 'என்னிடம் திரையும் கணினியும் ஒன்றாகவே வரும் 27 அங்குல ஐமேக் இருக்கிறது. மேசையின் ஆழம் 50 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஸ்டாண்டே பாதி மேசையைத் தின்றுவிடுகிறது. மேசை விளிம்பைக் கவ்வி நிற்கும், ஏற்றி இறக்கக்கூடிய ஆர்ம் ஒன்றில் மாட்டினால் தாங்குமா?'

தாங்கும். என் வீட்டில் ஒன்றரை வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு ஆர்மும் ஒரு மேசையும் வீணாகின. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்னையில் வாடகை வீடு, ஒரு பெட்ரூம். ஹாலின் ஒரு மூலையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மேசை. ஆழம் 45 செ.மீ., அகலம் 90. தலைக்கு மேலே சாமி அலமாரி. கணினி 2019 மாடல் 27 அங்குல ஐமேக். ஸ்டாண்டோடு 9.44 கிலோ என்று ஆப்பிள் போட்டிருக்கிறது. வெறும் 27 அங்குல மானிட்டராக இருந்தால் ஸ்டாண்ட் இல்லாமல் நாலு, ஐந்து கிலோவில் முடிந்துவிடும். கடையில் 'இந்த ஆர்ம் 27 அங்குலம் தாங்கும் சார்' என்று சொல்வது அந்த மானிட்டரை மனதில் வைத்துத்தான். நமக்கு அங்குலக் கணக்கே வேண்டாம், கிலோ கணக்கு மட்டும் போதும்.

முதலில் உங்கள் ஐமேக்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆர்மின் தலையில் சதுரத் தட்டு ஒன்று இருக்கும். அதில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நாலு ஓட்டை. வெசா என்று சொல்வது இதைத்தான். எம்4 ஸ்க்ரூ போகும். 2012 கடைசியிலிருந்து 2020 வரை வந்த 27 அங்குல ஐமேக்கை வாங்கும்போதே வெசா மாடலாகக் கேட்டு வாங்கியிருந்தால்தான் அந்த ஓட்டைகள் இருக்கும். சாதாரண மாடலில் ஸ்டாண்டைக் கழற்ற முடியாது. இப்போது வருகிற 24 அங்குல ஐமேக்கும் அப்படியே, ஆனால் அது நாலரை கிலோதான், கவலையே இல்லை. 2009 முதல் 2011 வரை வந்த பழைய 27 அங்குலம் நேர்மாறு. அதில் ஸ்டாண்டைக் கழற்றி வெசா கிட் போட வழி உண்டு, ஆனால் மெஷினின் எடை 13.8 கிலோ. தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அம்மிக்கல்லைத் தூக்குவது போலத்தான்.

என்னுடையது சாதாரண மாடல். அதனால் ஸ்டாண்டின் காலையே கவ்விப் பிடிக்கும் அடாப்டர் ஒன்றை வாங்கினேன். இரண்டு துண்டு இரும்பு, காலைச் சுற்றி மூடி, பின்னால் வெசா ஓட்டையோடு வரும். வேலை செய்கிறது. ஆனால் கழற்ற முடியாத ஸ்டாண்டின் எடை, அடாப்டரின் எடை இரண்டும் ஆர்மின் தலையில்தான் ஏறும். திரையும் ஆர்மை விட்டுச் சற்று முன்னால் தள்ளி நிற்கும். வாங்குவதற்கு முன்பே நான் இதைக் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

முதலில் வாங்கிய ஆர்மின் அட்டையில் '2 முதல் 9 கிலோ' என்று போட்டிருந்தது. பெயர் வேண்டாம். அரை கிலோ முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மாட்டிய ராத்திரி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காலையில் காபியோடு வந்து பார்த்தால் திரையின் அடிப்பக்கம் கீபோர்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி முழுக்க மெதுவாக, சத்தமே இல்லாமல், இறங்கியிருக்கிறது. இறுக்கும் ஸ்க்ரூவைக் கடைசி வரை திருகியும் மறுநாள் அதே கதை. அதற்கப்புறம்தான் கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன். நான் மட்டும் 71.4, கணினியோடு 82. ஆக 10.6 கிலோ. இந்த ஒரு நிமிட வேலையை நீங்கள் முதலிலேயே செய்துவிடுங்கள். அடாப்டரையும் சேர்த்து நிறுக்க வேண்டும்.

இந்த வகை ஆர்ம்கள் பலவற்றுக்குள் இருப்பது காஸ் ஸ்ப்ரிங். உருளைக்குள் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். அது எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், கணினி கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சரிசமமானால் விட்ட இடத்தில் நிற்கும். எனவே மேல்வரம்புக்கு நெருக்கமாக வாங்காதீர்கள், 10.6 கிலோவுக்கு 15 கிலோ வரை தாங்குவதாக வாங்குங்கள். அதே நேரம் கீழ்வரம்பையும் பாருங்கள். எர்கோட்ரானின் எல்எக்ஸ் 11.3 கிலோ வரை என்றால், அதன் பெரியண்ணன் எச்எக்ஸ் 9.1 கிலோவில் தொடங்கி 19.1 வரை போகும். 'பெரிசா வாங்கிடலாம்' என்று எச்எக்ஸை வாங்கி அதில் நாலு கிலோ மானிட்டரை மாட்டினால் அது கீழே இறங்கவே இறங்காது. நான் இரண்டாவதாக வாங்கியது இந்த இரண்டுமல்ல, விலை ஒத்துவரவில்லை. 15 கிலோ மேல்வரம்பு உள்ள ஒன்று.

ஆர்ம் கதை அத்தோடு முடிந்தது. நிஜமான தொல்லை மேசை.

ஆர்ம் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், மேசை தாங்குமா என்று கேட்பதில்லை. கொஞ்சம் கணக்கு போடுவோம். கணினி 10.6 கிலோ. ஆர்மை முன்னால் இழுத்தால் கம்பத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி நிற்கிறது. பெருக்கினால் 530. இந்தத் திருப்பத்தை எதிர்த்து நிற்பது மேசை விளிம்பைக் கவ்வியிருக்கும் 10 செ.மீ. அடித்தட்டு. 530-ஐப் பத்தால் வகுத்தால் 53 கிலோ. அதாவது அடித்தட்டின் முன்விளிம்பு உங்கள் மேசைப் பலகையை 53 கிலோவோடு கீழே அழுத்துகிறது, கவ்வியின் அடிப்பக்கம் பின்விளிம்பைச் சுமார் 42 கிலோவோடு மேலே நெம்புகிறது. நாம் கவ்வியை இறுக்கிய இறுக்கமும், ஆர்மின் சொந்த எடையும் இதில் சேரவில்லை. அந்த அடிப்பக்கத் தட்டு எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு மேரி பிஸ்கட் அளவு.

என் பழைய மேசை 18 மில்லிமீட்டர் நோவாபான். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை, மேலே மைக்கா. மூன்றாவது வாரம் கவ்வியைச் சுற்றி மைக்கா அப்பளம் மாதிரி உப்பியது. குனிந்து கீழே பார்த்தேன். அந்தப் பிஸ்கட் தட்டு பலகைக்குள் புதைந்திருந்தது, சுற்றிலும் மரத்தூள் ரவை மாதிரி உதிர்ந்து தரையில் கிடந்தது. திரை மேலே கம்பீரமாகத்தான் நின்றது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விளிம்பு பெயர்ந்து ஒரு லட்ச ரூபாய்ச் சாமான் தரைக்கு வந்திருக்கும்.

கார்பெண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் நோண்டிப் பார்த்தவர், 'இதுல ஆணியே நிக்காது சார், இதுல போயி பாரத்தை மாட்டியிருக்கீங்களே' என்றார். பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, கால்களை மட்டும் வைத்துக்கொண்டு, 19 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டார். பின்விளிம்பில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு இன்னொரு 19 எம்எம் பட்டையை அடியில் ஒட்டி ஸ்க்ரூ போட்டு 38 ஆக்கினார். இப்படித் தடிமனாக்கும் முன் உங்கள் கவ்வி எவ்வளவு திறக்கும் என்று அளந்துகொள்ளுங்கள். அப்புறம் தெருமுனை வெல்டிங் பட்டறையில் 6 எம்எம் இரும்புத் தகடு ஒன்று, 10 அங்குலம் நீளம், 5 அங்குலம் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தை கிரைண்டரில் தேய்த்து வாங்கினேன். அது கவ்விக்கும் பலகைக்கும் நடுவில், அடிப்பக்கம். பிஸ்கட் அழுத்திய இடத்தில் இப்போது ஒரு நோட்டுப் புத்தக அளவு இரும்பு அழுத்துகிறது. மேலே ஒரு 3 எம்எம் தகடு, பலகை கீறாமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப். ஆன்லைனிலும் இதற்கென்றே தகடு விற்கிறார்கள். பட்டறையில் எனக்கு 350 ரூபாய் ஆனது, டீ அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள்.

நம் ஊர் வீடுகளில் சுவரோடு பதித்த கடப்பா கல் ஷெல்ஃப் இருக்கும். 'கல்தானே, தாங்காதா' என்று அதில் கவ்வியை மாட்டிவிடாதீர்கள். மேலிருந்து அழுத்தினால் தாங்கும் கல், விளிம்பில் நெம்பினால் தட்டென்று விட்டுவிடும். கண்ணாடி மேசைக்கும் இதே பதில்.

சுவரில் மாட்டலாமே என்பீர்கள். சொந்த வீடு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. மேசையில் ஓர் அங்குலம்கூடப் போகாது. ஆனால் அறைகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர். புது அடுக்குமாடிகளில் லேசான ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த கான்கிரீட் கல்) சுவர், அதில் சாதாரண ராவல் பிளக் சுழன்றுகொண்டே இருக்கும், பிடிக்காது. அதற்கென்றே உள்ள நீள ஆங்கர் வேண்டும். எனக்கு இந்த யோசனையே எழவில்லை. காலண்டர் ஆணிக்கே ஓனர் போன் பண்ணுவார்.

இனி இட நெருக்கடி. ஆர்ம் வந்தால் மேசை காலியாகிவிடும் என்பது பாதி உண்மை. இரண்டு எலும்பும் ஒரு முழங்கையும் உள்ள சாதனம் அது. திரையைச் சுவர்ப்பக்கம் தள்ளும்போது அந்த முழங்கை எங்காவது போயாக வேண்டும். மேசை சுவரோடு ஒட்டியிருந்தால் பின்னால் போக வழியில்லை, பக்கவாட்டில்தான் போகும். நான் கவ்வியை மேசையின் நட்டநடுவில் மாட்டினேன். திரையைப் பின்னுக்குத் தள்ளினால் முழங்கை போய்ப் பீரோவில் 'டங்' என்று இடிக்கும். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மனைவி, 'என்னங்க, யாராவது வந்திருக்காங்களா?' என்று எழுந்து வந்தார்.

இதற்கு ஒரு எளிய ஒத்திகை இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இரண்டு பட்டை வெட்டுங்கள், ஆர்மின் இரண்டு பகுதிகளின் நீளத்துக்கு. விற்பவர் போட்டிருக்கும் படத்திலேயே அளவு இருக்கும். நடுவில் ஒரு குண்டூசி, ஒரு முனை மேசையில் கவ்வி வரும் இடத்தில், மறுமுனையில் திரையின் அகலத்துக்கு ஒரு ஸ்கேல் அல்லது குச்சி. ஐமேக் என்றால் 65 செ.மீ. இப்போது அதைப் பின்னும் முன்னும் நகர்த்திப் பாருங்கள், முழங்கை எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். நான் இரண்டாவது தடவை இப்படிப் பார்த்துத்தான் கவ்வியை ஜன்னல் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போட்டேன். முழங்கை ஜன்னலின் குழிவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது திரையின் முகம் சுவரிலிருந்து 27 செ.மீ. மேசையில் கீபோர்டு, ஒரு நோட்டு, டம்ளர் எல்லாம் நிம்மதியாக இருக்கின்றன. இன்னும் ஒட்டித் தள்ள முடியவில்லை, அடாப்டர் விடாது.

மாட்டும்போது ஆள் இரண்டு வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் திருக. ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்வது எடை ஏறிய பிறகுதான். ஆர்மைப் படுக்கைவாட்டில் வைத்து, அலன் கீயால் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருக வேண்டும், பொறுமையாக. ஒரு விஷயத்தைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: கணினியைக் கழற்றும்போது ஆர்மை முதலில் உச்சத்துக்கு ஏற்றிவிட்டுக் கழற்றுங்கள். நான் தாழ்ந்த நிலையிலேயே நாலாவது ஸ்க்ரூவைக் கழற்றினேன். எடை போனதும் ஆர்ம் உலக்கை மாதிரி எம்பி, சாமி அலமாரியின் அடியில் மோதி, விபூதிக் கிண்ணம் கவிழ்ந்து, கணினியைப் பிடித்துக்கொண்டிருந்த மைத்துனன் தலையெல்லாம் வெள்ளை. சிரித்தோம்தான். ஆனால் அதன் வழியில் ஒரு முகம் இருந்திருந்தால் பல் போயிருக்கும்.

வயரைத் திரை உச்சத்தில் இருக்கும்போது அளந்து, கொஞ்சம் தொங்கவிட்டுக் கட்டுங்கள். ஐமேக்கின் சூடான காற்று பின்னால் கழுத்துப் பக்கப் பிளவு வழியாக வரும், அதை அடாப்டரோ வயர்க்கட்டோ அடைக்கக் கூடாது. வட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மாடல் என்றால், ஓடும்போது திரையை வேகமாக இழுக்காதீர்கள். டைப் அடிக்கும்போது திரை லேசாக ஆடும். முன்னால் இழுக்க இழுக்க ஆட்டம் கூடும். எனக்குப் பழகிவிட்டது, பழகாதவர்கள் இருக்கிறார்கள்.

கருத்துப் பகுதியில் ஒருவர், 'டவர் கேபினெட்டையே ஆர்மில் மாட்டலாமா' என்று கேட்டிருந்தார். வேண்டாம் அண்ணா. அதை மேசைக்கடியில் தொங்கவிடத் தனி ஹோல்டர் இருக்கிறது, ஆர்மில் மானிட்டர் மட்டும் போகட்டும். இன்னும் எதுவும் வாங்காதவர் என்றால், சாதாரண மானிட்டரும் அதன் முதுகில் ஒட்டும் மினி பிசியுமாக வாங்குங்கள். 2024-இல் வந்த மேக் மினி ஒரு பக்கம் 12.7 செ.மீ.தான், எடை முக்கால் கிலோவுக்குள். சாதாரண ஆர்மே போதும், பட்டறை, தகடு எதுவும் தேவைப்படாது. நான் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த மெஷினுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கடைசியாக, ஆர்ம் ஆர்டர் போடுவதற்கு முன் மேசைக்கடியில் தலையை விட்டுப் பாருங்கள். பின்விளிம்பை ஒட்டிக் குறுக்குச் சட்டமோ இரும்புக் குழாயோ ஓடினால் கவ்வி உட்காராது. அப்படி இருந்தால் பலகையில் ஓட்டை போட்டு போல்ட் இறக்கும் வகை ஆர்மைத்தான் தேட வேண்டும். மேசையின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.