கன்னத்தில் வெள்ளை வளர்ச்சி, பயாப்சியில் மட்டும் "புற்று இல்லை"

அப்பாவின் கன்னத்து உட்புறத்தில் காலிஃபிளவர் பூ மாதிரி வெள்ளையாக வளர்கிறது, சதைத் துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சி இரண்டிலும் "புற்று இல்லை" என்றே வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடம் புகையிலை போட்டவர் என்கிறீர்கள். தயவுசெய்து அந்த அறிக்கையை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

என் பெரியப்பாவுக்கும் இதே கதைதான். பயாப்சிக்கு நுனியில் மேலாகக் கிள்ளிய துண்டு, அரிசி மணி அளவுதான் இருக்கும். கடைசியில் அது வெர்ருகஸ் கார்சினோமா, மரு போல வளரும் ஒரு வகை வாய்ப்புற்று. 1948-இல் ஆக்கர்மன் என்ற நோயியல் மருத்துவர் விவரித்த வகை. இதன் செல்கள் நுண்ணோக்கியில் ஏறக்குறைய சாதாரணமாகவே தெரியும். வழக்கமான வாய்ப்புற்று போல ஊடுருவாது. அகன்ற அடிப்பகுதியால் கீழுள்ள திசுவை அழுத்தித் தள்ளும். அந்த அடிவிளிம்பு துண்டில் இல்லையென்றால் எவ்வளவு கெட்டிக்கார மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால் ஓரத்து நல்ல சதையும் சேர, அடிவரை ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். கூடவே வாயின் புகைப்படத்தையும் கொடுங்கள். பழைய பயாப்சித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக், ஸ்லைடுகளை லேபில் கேட்டு வாங்கி, வாய்ப்புற்று நிறையப் பார்க்கும் நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வகைதான் என்றால் பயந்துவிடாதீர்கள். கலப்பில்லாத வெர்ருகஸ் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் சில கட்டிகளின் ஒரு மூலையில் வழக்கமான புற்றும் ஒளிந்திருக்கும். அதனால் அறுவை சிகிச்சை முடிந்ததும் வெட்டியெடுத்த கட்டி முழுவதையும் பரிசோதித்தார்களா என்று மறக்காமல் கேளுங்கள்.