கறுப்புச் சேவலுக்கும் கறுப்புப் பெட்டைக்கும் வெள்ளைக் குஞ்சு எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்ட வீடுகளில் கம்பத்துக் கோழிகள் (நாட்டுக்கோழிகள்) வேலி பார்ப்பதில்லை. அதனால் முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுச் சேவல் மேல் விழுவது நியாயம்தான். ஆனால் அது இல்லாமலும் வெள்ளை வரும். வெள்ளைக்கான ஒடுங்கு மரபணுவை, அதாவது இரண்டு சேர்ந்தால்தான் வெளியே தெரியும் மரபணுவை, தாயும் தகப்பனும் ஆளுக்கொன்று ஒளித்து வைத்திருந்தால், சராசரியாக நாலு குஞ்சில் ஒன்று வெள்ளை.

உறுதி வேண்டுமா? பெட்டையை உங்கள் சேவலோடு மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் அடைத்து வைத்து, அப்புறம் இடும் முட்டைகளை அடைக்கு வையுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும்.

இறகில் வரிவரியாக இருக்கும் வரிக்கோழியின் கணக்கே வேறு; எனக்குப் பிடித்ததும் அதுதான். கோழியில் ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில், சேவலுக்கு இரண்டு இசட் (Z), பெட்டைக்கு ஒன்றுதான். வரி போடும் மரபணு அந்த இசட்டில் இருக்கிறது. கறுப்புச் சேவலோடு வரிப் பெட்டையைச் சேர்த்தால், தாயின் அந்த ஒரே இசட் மகன்களுக்கு மட்டுமே போகும், அதோடு வரியும். பொரித்த அன்றே பாருங்கள்: உச்சந்தலையில் வெளிர் பொட்டு இருந்தால் சேவல், தலை முழுக்கக் கறுப்பென்றால் பெட்டை. மாற்றி, வரிச் சேவலோடு கறுப்புப் பெட்டையைச் சேர்த்தால் இந்த அடையாளம் கிடைக்காது.