பெஞ்ச்லயே உக்காந்திருக்கிற கோல்கீப்பர் தம்பிக்கு

21 வயசாச்சு, இன்னும் ரெண்டாவது கீப்பர்தான், பேசாம டிஃபெண்டரா மாறிடவான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க தம்பி.

அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் 2010ல இங்கிலாந்து கிளப் ஆர்சனலுக்குப் போனவர். ஆக்ஸ்ஃபோர்டு, ராதர்ஹாம், கெடாஃபே, ரீடிங்னு லோன்லயும் (வேற கிளப்புக்குத் தற்காலிகமா ஆடப் போறது) பெஞ்ச்லயுமா பத்து வருஷம் ஓடுச்சு. 2020 ஜூன்ல ஆர்சனலோட முதல் கீப்பர் லெனோவுக்கு முழங்கால்ல அடி, இவர் இறங்கினார், அந்த சீசனே ஆர்சனலுக்கு இங்கிலாந்தோட எஃப்.ஏ. கோப்பை! 2022 உலகக் கோப்பை இறுதியில 123வது நிமிஷம், பிரான்ஸோட கோலோ முவானி தனியா வந்து அடிச்ச பந்தை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அப்போ அவருக்கு வயசு 30. இத்தாலி கீப்பர் டீனோ ஸோஃப் 40 வயசுல உலகக் கோப்பையைத் தூக்கினவர்.

ஆனா சும்மா காத்திருக்காதீங்க. கீழ் டிவிஷனா இருந்தாலும் பரவாயில்ல, முழு மேட்ச் ஆட விடுற கிளப்புக்கு லோன் கேளுங்க. கிராஸுக்கு (ஓரத்துலேர்ந்து கோல் முன்னாடி வர்ற பந்து) எப்போ வெளிய வரணும்ங்கறது பிராக்டிஸ்ல மட்டும் வராது.

ஆமா, கால்ல பந்தை வெச்சு ஆடுறது, பாஸ் பண்றது எல்லாம் எப்படி? அதை எழுதவே இல்லையே.